பாடுகிறவருக்கு மேனேஜர் எதற்கு? இசைக் கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தாங்களே பாடி வெளியிடும் இளைஞர்கள் இன்று தமிழ்நாட்டில் ஏராளம். ராப், கானா, நாட்டுப்புறம், கர்நாடக இசை என்று வகை எதுவானாலும், கொஞ்சம் பெயர் வந்ததும் யாராவது ஒருவர் வந்து "நான் உங்களை மேனேஜ் பண்றேன்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் மனதில் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் வலியுறுத்தியிருப்பேன்: மேனேஜர் என்பவர் கலைஞருக்காக வேலை பார்ப்பவர், ஆகவே கையெழுத்தும் கணக்கும் கலைஞரிடமே இருக்க வேண்டும். சட்டம் பற்றிய பகுதிகள் பொதுவான தகவல்தான். எந்த ஒப்பந்தத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

எனக்கு இப்போதே மேனேஜர் தேவையா?

மாதத்துக்கு ஒரு கச்சேரி, வருஷத்துக்கு இரண்டு பாட்டு என்ற நிலையில் இருந்தால் தேவையில்லை. தேதி குறிப்பது, அட்வான்ஸ் வாங்குவது, ரசீது எழுதுவது இதையெல்லாம் முதலில் நீங்களே செய்து பழகுங்கள். பின்னால் இன்னொருவர் உங்களுக்காக இதைச் செய்யும்போது, அவர் சரியாகச் செய்கிறாரா என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

போன் பேசியே பயிற்சி நேரம் போகிறது, ஒரே தேதிக்கு இரண்டு பேர் கேட்கிறார்கள், சம்பளம் பேசக் கூச்சப்பட்டே குறைத்து வாங்கிவிடுகிறீர்கள் என்ற நிலை வந்தால் ஆள் தேடலாம். மூன்றாவது காரணத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் பாட்டுக்குத் தானே விலை சொல்வது நம் ஊர்க் கலைஞர்கள் பலருக்கு இன்றும் சங்கடமான காரியம்தான்.

மேனேஜர், புக்கிங் ஏஜென்ட், பிஆர்ஓ, லேபிள் எல்லாரும் ஒரே வேலையா செய்கிறார்கள்?

இல்லை. புக்கிங் ஏஜென்ட் கச்சேரி பிடித்துத் தருவார், அந்தக் கச்சேரிக்கு மட்டும் கமிஷன் வாங்குவார். பிஆர்ஓ பத்திரிகை, டிவி, யூடியூப் சேனல்களில் உங்கள் பெயர் வரச் செய்வார். லேபிள் பாட்டுப்பதிவுக்கும் விளம்பரத்துக்கும் பணம் போட்டு, பதிலுக்கு ஒலிப்பதிவின் உரிமையை முழுதாகவோ சில வருஷங்களுக்கோ எடுத்துக்கொள்ளும். மேனேஜர் இவர்கள் எல்லாரோடும் உங்கள் சார்பில் பேசுபவர்.

அதனால் மேனேஜரே லேபிளும் நடத்துகிறார், நிகழ்ச்சி ஏற்பாட்டாளராகவும் இருக்கிறார் என்றால் உஷாராக இருங்கள். உங்களுக்கு அதிகம் வாங்கித் தர வேண்டியவரே உங்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் லாபம் பார்ப்பவராகவும் இருப்பார். அந்த ஏற்பாடு வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. அவருடைய நிறுவனத்தோடு செய்யும் வேலைக்கு அவர் கமிஷன் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவரே பார்த்துக்கொண்டால் என்ன? அப்பா, அண்ணன், கணவர் என்று…

பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இசை நிர்வாகத்தின் ஆகப் பெரிய வெற்றியே குடும்பத்துக்குள்தான் நடந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு எத்தகைய மேதைமை இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் குரல் எங்கே, எப்போது, யார் முன்னால், என்ன பாட வேண்டும் என்று திட்டமிட்டவர் அவருடைய கணவர் டி. சதாசிவம். ஆனந்த விகடனில் விளம்பரப் பிரிவைப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1940-ல் திருமணம் ஆனது. 1941-ல் எம்.எஸ். 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார், அந்தப் பணம் கல்கி பத்திரிகை தொடங்க உதவியது. 1945-ல் 'மீரா' தமிழில் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அதே படம் இந்தியில் வந்தபோது, சரோஜினி நாயுடுவே திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை வடஇந்திய மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

அதோடு சினிமா நடிப்பு முடிந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். படம் நாடு முழுக்கப் புகழ் தந்த நேரத்தில், அடுத்த படத்துக்குப் போகாமல் கச்சேரி மேடைக்கே திரும்பினார்கள். பஜனைப் பாடல்கள், பல மொழிகளில் பாட்டு, நல்ல காரியங்களுக்கு நிதி திரட்டும் கச்சேரிகள் என்று ஒரு பிம்பம் பொறுமையாகக் கட்டப்பட்டது. 1963-ல் எடின்பரோ விழா, 1966 அக்டோபரில் ஐ.நா. சபை, 1998-ல் பாரத ரத்னா. எதை ஏற்கிறோம் என்பதைப் போலவே எதை மறுக்கிறோம் என்பதும் புகழைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கச்சேரி வருமானத்தையும் ராயல்டியையும் வாரி வழங்கினார்கள். பிற்காலத்தில் தாங்கள் வாழ்ந்த கல்கி தோட்டத்தை விட்டு வெளியேறும் அளவுக்குப் பண நெருக்கடி வந்தது. 1997 நவம்பரில் சதாசிவம் காலமான பிறகு எம்.எஸ். பொதுமேடையில் பாடவே இல்லை. வாழ்க்கையும் தொழிலும் ஒரே ஆளோடு பிணைந்திருந்தால் அந்த ஆள் இல்லாத நாளில் எல்லாமே நின்றுவிடும். வீட்டு ஆளே மேனேஜர் என்றாலும் கலைஞர் பெயரில் தனி வங்கிக் கணக்கு, கலைஞர் பெயரில் சேமிப்பு, வெளியாள் ஒருவர் பார்க்கும் வரவு செலவு இந்த மூன்றும் இருக்கட்டும். அப்பாவிடம் கணக்குக் கேட்பது மரியாதைக்குறைவு என்று நினைக்காதீர்கள். கணக்கு இருந்தால் சண்டை வராது.

மேனேஜருக்கு எத்தனை சதவீதம் கொடுக்கலாம்?

உலக வழக்கில் 15 முதல் 20 சதவீதம். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக் குழுவுக்கு மேனேஜராக இருந்த பிரையன் எப்ஸ்டீன் அவர்களிடம் 25 சதவீதம் வாங்கினார். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் 25-ல் ஆரம்பித்து, 1967-ல் 50 சதவீதம் வரை போனார். பாடியவருக்குப் பாதி, பேசியவருக்குப் பாதி!

சதவீதத்தைவிட முக்கியமானது, எந்தத் தொகையின் மீது அந்தச் சதவீதம் என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லூரிக் கலைவிழாவில் உங்கள் குழுவுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 2,00,000 ரூபாய் பேசியாகிவிட்டது. கூட வாசிக்கும் ஐந்து பேருக்குத் தலைக்கு 12,000 வீதம் 60,000. சவுண்ட் இன்ஜினியருக்கு 10,000. வேன், அறை, சாப்பாடு 30,000. ஆக, செலவு ஒரு லட்சம். மேனேஜருக்கு 20 சதவீதம்.

மொத்தத் தொகையின் மீது என்றால் அவருக்கு 40,000 போகும், உங்களுக்கு மிஞ்சுவது 60,000. செலவு போக மீதியின் மீது என்றால் அவருக்கு 20,000, உங்களுக்கு 80,000. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு சொல் மாறினால் ஒரு ராத்திரியில் 20,000 ரூபாய் வித்தியாசம். வளரும் குழுக்களுக்கு மிச்சத்தின் மீது கமிஷன் என்பதே நியாயம் என்பது என் கருத்து. செலவே வருமானத்தைத் தின்னும் காலத்தில் மொத்தத் தொகையில் கமிஷன் எடுத்தால், மேனேஜர் சம்பாதிப்பார், கலைஞர் கைக்காசு போட வேண்டியிருக்கும்.

எந்தெந்த வருமானத்தில் கமிஷன் கிடையாது என்பதையும் எழுதுங்கள். அவர் வருவதற்கு முன்பே நீங்கள் வெளியிட்ட பாட்டுகள், நீங்கள் நடத்தும் பாட்டு வகுப்பு, குடும்பத்தார் கல்யாணத்தில் பாடியது, இதிலெல்லாம் அவருக்குப் பங்கு எதற்கு?

எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம் போடலாம்?

முதலில் ஒரு வருஷம். நன்றாகப் போனால் இரண்டு வருஷம் நீட்டலாம். பத்து வருஷம் என்று காகிதம் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தென்கொரியாவில் டிவிஎக்ஸ்க்யூ என்ற பாப் இசைக் குழுவின் மூவர் 2009-ல் தங்கள் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 13 வருஷ ஒப்பந்தம் என்பதுதான் பிரச்சினையின் மையம். அங்கே இதை 'அடிமை ஒப்பந்தம்' என்றே சொன்னார்கள். அதே ஆண்டில் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் ஏழு வருஷத்துக்கு மிகாத மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. கே-பாப் குழுக்கள் ஏழாவது வருஷத்தில் கலைகிறதா, நீடிக்கிறதா என்று நம் ஊர் ரசிகர்கள்கூடப் பதறுவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான்.

இந்தியாவில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் உங்களைக் கட்டிப்போட நினைத்தால் அது செல்லுவது கஷ்டம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவரை நிர்வகித்த நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைத்தான் எடுத்துச் சொன்னது. ஒப்பந்த காலம் முடிந்த பின்னும் 'முதல் உரிமை எங்களுக்கே' என்ற நிபந்தனையை அமல்படுத்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. இசைக் கலைஞர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போக உங்களிடம் பணமும் பொழுதும் இருக்காது, அதனால் அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்பே அடித்துவிடுங்கள்.

பதிப்புரிமை பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. வரிகள் கவிஞருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருடையது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனியாக நிகழ்த்துவோர் உரிமை உண்டு. மேனேஜருக்கு இதில் எதுவுமே கிடையாது. கமிஷன் வேறு, உரிமை வேறு. "கலைஞரின் அனைத்துப் படைப்புகளின் உரிமையும் நிர்வாகிக்கு" என்று எங்காவது ஒரு வரி இருந்தால் அது மேனேஜ்மென்ட் ஒப்பந்தமே இல்லை, உங்கள் சொத்தை எழுதி வாங்கும் பத்திரம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம் படைப்பாளிகளுக்குப் பெரிய காவல். சினிமாவுக்கு எழுதிய, இசையமைத்த பாட்டுகள்கூட தியேட்டருக்கு வெளியே வானொலி, மேடை, இணையம் என்று பயன்படும்போது, கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சரிசமப் பங்கு ராயல்டி உண்டு. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக் கொடுக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் எத்தனை வருஷம் என்று சொல்லவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றும், எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும்.

பாட்டு எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகுங்கள். ராயல்டியை வசூலித்துத் தர 1969-ல் தொடங்கிய பதிப்புரிமைச் சங்கம் அது. பாடகர்களுக்கு இஸாம்ரா என்ற சங்கம் இருக்கிறது. உறுப்பினராகாதவர்களுக்கு வர வேண்டிய பணம் தானாக வீடு தேடி வராது.

எல்விஸ் கதையின் சோகமான பக்கம் இங்கேதான். 1973-ல் அதுவரை பதிவான பாட்டுகளின் எதிர்கால ராயல்டியை 54 லட்சம் டாலருக்கு, அவற்றை வெளியிட்ட ஆர்சிஏ ரெக்கார்டு நிறுவனத்துக்கே விற்றுவிட்டார்கள். அதில் பாதி பார்க்கருக்குப் போனது. உலகமே பாடிக்கொண்டிருந்த பழைய பாட்டுகளிலிருந்து அதன் பிறகு எல்விஸுக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை.

பணம் யாருடைய கணக்கில் விழ வேண்டும்?

உங்கள் கணக்கில். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. பணம் உங்களுக்கு வரட்டும், மேனேஜர் பில் கொடுக்கட்டும், நீங்கள் கமிஷனை அனுப்புங்கள்.

இதில் வருமான வரி விஷயமும் இருக்கிறது. கல்லூரியோ நிறுவனமோ உங்களுக்குப் பணம் தரும்போது பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது எந்த பான் எண்ணில் பதிவாகிறதோ அவருக்குத்தான் வரவு. மேனேஜரின் பான் கொடுத்திருந்தால், பாடியது நீங்கள், வரி பிடித்த வரவு அவருடையது. வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். எந்தக் கல்லூரி எவ்வளவு கொடுத்தது என்று அதில் தெரிந்துவிடும். மேனேஜர் ஒரு லட்சம் என்று சொன்ன கச்சேரிக்கு உண்மையில் ஒன்றரை லட்சம் கொடுத்திருக்கிறார்கள் என்பது பலருக்கு அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் தெரியவருகிறது.

ஜிஎஸ்டி: ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். செவ்வியல், நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகளுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. விளம்பரத் தூதராக வாங்கும் பணத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

நம்பிக்கையான ஆள்தானே என்று விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு கனடா நாட்டுப் பாடகர் லெனார்ட் கோஹன் நினைவுக்கு வர வேண்டும். பல வருஷம் கூடவே இருந்த மேனேஜர் தன் ஓய்வுக்காலச் சேமிப்பைக் காலி செய்துவிட்டார் என்று 2005-ல் வழக்குப் போட்டார். 2006-ல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சுமார் 90 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது, ஆனால் பணத்தை வசூலிக்க முடியவில்லை. 73 வயதில் அவர் மறுபடி ஊர் ஊராகப் பாடக் கிளம்பினார்.

சரி, பெயர் வாங்குவது எப்படி?

இதற்கு பிரையன் எப்ஸ்டீன் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லிவர்பூலில் ரெக்கார்டு கடை நடத்திக்கொண்டிருந்தவர். 1961 நவம்பர் 9-ஆம் தேதி மதியம், கடைக்குப் பக்கத்திலிருந்த கேவர்ன் என்ற நிலவறையில் பீட்டில்ஸ் வாசிப்பதைப் பார்த்தார். மேடையில் சிகரெட் பிடிப்பார்கள், சாப்பிடுவார்கள், பாட்டைப் பாதியில் நிறுத்திப் பேசிக்கொள்வார்கள். ஆனால் கூட்டம் அவர்களை விட்டு நகரவில்லை.

எப்ஸ்டீன் பாட்டில் கை வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் வைத்தார். தோல் ஜாக்கெட் போய் கோட்டு சூட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் நால்வரும் சேர்ந்து குனிந்து வணங்கினார்கள். மேடையில் சாப்பாடு நின்றது. 1962 புத்தாண்டு தினத்தில் டெக்கா ரெக்கார்டு நிறுவனம் ஒலிப்பதிவு செய்து கேட்டுவிட்டு வேண்டாம் என்றது. மற்ற கம்பெனிகளும் கைவிரித்தன. கடைசியில் இஎம்ஐயின் பார்லோஃபோன் பிரிவில் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஏற்றுக்கொண்டார். அமெரிக்காவில் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சிக்கு மூன்று முறை தோன்ற வெறும் 10,000 டாலருக்கு ஒப்புக்கொண்டார் எப்ஸ்டீன். பதிலுக்கு முதன்மை இடம் கேட்டு வாங்கினார். 1964 பிப்ரவரி 9 இரவு 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். பணத்தை விட்டு இடத்தைப் பிடித்த அந்த முடிவுதான் அவருடைய உச்சம்.

அதே மனிதர் பீட்டில்ஸ் படம் போட்ட பொம்மை, டிஃபன் பெட்டி, விக் முதலிய பொருள்களை விற்கும் உரிமையை, 90 சதவீதம் விற்பவர்களுக்கும் 10 சதவீதம் தங்களுக்கும் என்று கொடுத்துவிட்டார். விற்பனையின் அளவு தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. பெயர் கட்டுவதில் அவருக்கு இணை இல்லை, பெயரை விற்கும் கணக்கில் கோட்டைவிட்டார். இரண்டும் இரண்டு திறமை. உங்கள் மேனேஜருக்கு எது வரும், எது வராது என்று பார்த்து, வராததற்கு ஒரு வக்கீலையோ ஆடிட்டரையோ வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து நம் ஊருக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்? முதலில் ஒரே ஊரில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப வரும் ஒரு கூட்டத்தைச் சம்பாதியுங்கள். ஐம்பது பேர் அடுத்த மாதமும் வருகிறார்கள் என்றால் அது பெரிய விஷயம். அப்புறம், தமிழ்நாட்டுக்கென்று ஒரு மேடை நாட்காட்டி இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை கல்லூரி விழாக்கள், பங்குனி சித்திரையிலும் ஆடியிலும் கோயில் திருவிழாக்கள், ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி, மார்கழியில் சென்னை சபாக்கள். கல்லூரிக் கூட்டத்துக்கான பாட்டை மே மாதம் வெளியிட்டால் அதைப் பாட மேடை இருக்காது. நவம்பரில் வெளியிட்டால் ஜனவரிக்குள் மாணவர்கள் வாயில் நுழைந்திருக்கும்.

பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். யூடியூபில் ஒரு மாதிரி, ஸ்பாட்டிஃபையில் ஒரு மாதிரி இருந்தால் உங்கள் பாட்டுகள் இரண்டு ஆள்களின் கணக்கில் சிதறிவிடும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்குப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாட்டை ஏற்றியிருக்க வேண்டும். "நாளைக்கு ரிலீஸ், இன்னைக்கு மிக்ஸிங்" என்று ஓடினால் அந்த வாய்ப்பு போனதுதான்.

வியூஸ், ஃபாலோயர்ஸ் காசு கொடுத்து வாங்கலாமா?

வாங்காதீர்கள். போலி ஸ்ட்ரீம்களைக் கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடும், உங்கள் பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தர் மீது அபராதம் போடும், அவர் உங்கள் பாட்டையே இறக்கிவிடலாம். பத்து லட்சம் வியூஸ் காட்டிக் கச்சேரி வாங்கிவிட்டு, வாசலில் நாற்பது பேர் நின்றால் அந்த ஏற்பாட்டாளர் மறுபடி கூப்பிடவே மாட்டார். சொல்லப்போனால், அவர் மற்ற ஏற்பாட்டாளர்களிடமும் சொல்லிவிடுவார்.

என் பிள்ளை டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்திருக்கிறாள். மேனேஜ் பண்ணுகிறேன் என்று பலர் வருகிறார்கள்…

18 வயதுக்குக் குறைந்தவர் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. அதனால் எல்லாரும் உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். சேனலோடு ஏற்கெனவே போட்ட காகிதத்தை முதலில் தேடி எடுங்கள். நிகழ்ச்சி முடிந்து எத்தனை மாதம் வரை வேறு சேனலில் வரக் கூடாது, வெளிநிகழ்ச்சிக்கு அவர்கள் அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஜெயித்த முதல் ஆறு மாதம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அத்தனையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடம் போகட்டும், குருவிடம் பாடம் தொடரட்டும். பையனாக இருந்தால் 13, 14 வயதில் குரல் உடையும். அந்த நேரத்துக்கு முன்பணம் வாங்கிய கச்சேரிகள் இருந்தால் தொண்டையைக் கட்டாயப்படுத்திப் பாட வைப்பார்கள். குழந்தை சம்பாதித்த பணம் குழந்தையின் பெயரில் வங்கியில் இருக்கட்டும். இதை நான் எந்தப் பெற்றோரிடமும் தயங்காமல் சொல்வேன்.

மேடையில் சினிமாப் பாட்டுப் பாடினால் பிரச்சினை வருமா?

2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். அனுமதியில்லாமல் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்பது விஷயம். எஸ்.பி.பி. அந்தப் பயணத்தில் அப்பாட்டுகளைத் தவிர்த்தார். பின்னாளில் இருவரும் சமாதானமானார்கள். பாட்டைப் பாடிப் புகழ்பெற வைத்தவருக்கே மேடையில் பாட உரிமம் வேண்டும் என்பதை ஊருக்கே புரியவைத்த சம்பவம் அது.

உரிமம் எடுப்பது பொதுவாக நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் பொறுப்பு. அதை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். மதச் சடங்கு, கல்யாண ஊர்வலம் போன்றவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அது எதுவரை என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன.

கச்சேரி ஒப்புக்கொள்ளும்போது என்னென்ன பேச வேண்டும்?

பத்துப் பக்க ஒப்பந்தம் எல்லா ஊரிலும் நடக்காது. கோயில் கமிட்டிக்காரர் போனிலேயே பேசி முடித்துவிடுவார். பேசி முடித்த அன்றே இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்:

"வணக்கம் அண்ணா. மார்ச் 14 சனிக்கிழமை இரவு 7 மணி, 90 நிமிடம். நாங்கள் ஆறு பேர், கூட சவுண்ட் இன்ஜினியர் ஒருவர். தொகை ரூ.1,20,000. பாதி இந்த வாரம், மீதி 13-ஆம் தேதிக்குள். வேன், மூன்று அறை, சாப்பாடு உங்கள் பொறுப்பு. சவுண்ட் செக் மதியம் 3 மணி. போலீஸ் அனுமதி, பாட்டு உரிமம் கமிட்டி எடுக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கிடையாது. முழு வீடியோ எடுத்துப் போடுவதென்றால் எங்களைக் கேட்டுவிட்டு. நீங்கள் ரத்து செய்தால் அட்வான்ஸ் திரும்பாது, நாங்கள் வராவிட்டால் முழுதும் திருப்பித் தருவோம்."

மீதிப் பணம் மேடையேறும் முன்பே வந்துவிட வேண்டும். கச்சேரி முடிந்த நள்ளிரவில் கமிட்டிப் பொருளாளரைத் தேடி அலைவது நம் லைட் மியூசிக் குழுக்கள் தலைமுறை தலைமுறையாகப் படும் பாடு.

பெரிய நிகழ்ச்சி என்றால் கூட்டத்துக்கான ஏற்பாட்டையும் கேளுங்கள். 2023 செப்டம்பர் 10-ல் சென்னைப் பனையூரில் ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கிய பலரால் உள்ளேயே போக முடியவில்லை. ஏற்பாடு செய்தது வேறு நிறுவனம், அது பொறுப்பேற்கவும் செய்தது. ஆனால் ரசிகர்கள் கேட்டது ரகுமானைத்தான். அவரும் முன்வந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். டிக்கெட்டில் இருப்பது கலைஞரின் முகம். எத்தனை டிக்கெட் விற்றிருக்கிறது, எத்தனை வாசல் என்று கேட்க மேனேஜருக்கு உரிமை வேண்டும்.

வெளிநாட்டு வாய்ப்பு வந்தால்?

டொராண்டோ, லண்டன், கோலாலம்பூர் என்று தமிழர் இருக்கும் ஊரெல்லாம் அழைப்பார்கள். சுற்றுலா விசாவில் போய்க் காசு வாங்கிப் பாடாதீர்கள். அமெரிக்காவுக்கு மரபுக் கலைகளுக்கான பி-3 விசா இருக்கிறது, மற்ற நாடுகளிலும் தனி வழி உண்டு. திரும்பி வரும் டிக்கெட் கையில் இருந்தால்தான் விமானம் ஏறுவது.

நாங்கள் நான்கு பேர் கொண்ட குழு. எங்களுக்குள் எதை எழுதிக்கொள்ள வேண்டும்?

பாட்டு முடிந்த அன்றே வரிகள் யார், மெட்டு யார், எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு எழுத உட்கார்ந்தால் நட்பு போகும். குழுவின் பெயரை வர்த்தகக் குறியாக, கேளிக்கைச் சேவைகளுக்கான 41-ஆவது வகுப்பில் பதிவு செய்யலாம். மேனேஜர் பெயரில் பதிவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

நான் மேனேஜர் ஆக விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு கலைஞரிடம். எப்ஸ்டீனுக்கு மேனேஜர் அனுபவமே கிடையாது. ஆனால் எந்த ரெக்கார்டு விற்கும் என்று கடையில் நின்று தெரிந்துவைத்திருந்தார், அந்த நால்வர் பெரிய ஆள்களாவார்கள் என்று மனதார நம்பினார். முதல் ஆறு மாதம் சவுண்ட் செக்குக்கு முதல் ஆளாகப் போங்கள், கேபிள் சுருட்டுங்கள், டிரம்மருக்குத் தண்ணீர் எங்கே வைப்பது என்று கவனியுங்கள். கணக்கை மாதா மாதம் 5-ஆம் தேதிக்குள் கேட்காமலே அனுப்புங்கள். கலைஞருக்கு உடம்பு சரியில்லாத நாளில் கச்சேரியை ரத்து செய்யும் தைரியம் உங்களுக்கு இருக்க வேண்டும். கமிஷன் போகிறதே என்று தோன்றினால் இந்த வேலைக்கு வராதீர்கள்.

மேனேஜரை விட்டுப் பிரிய வேண்டும் என்றால்?

ஒப்பந்தத்தில் சொன்ன நோட்டீஸ் காலப்படி எழுத்தில் தெரிவியுங்கள். அவர் பேசி முடித்துவைத்த கச்சேரிகளுக்குப் பிரிந்த பிறகு நடந்தாலும் கமிஷன் கொடுங்கள், அது அவர் உழைப்பு. அதற்கு அப்பால் என்றால் முதல் வருஷம் பாதி, அடுத்த வருஷம் கால் என்று குறைந்து முடியும் ஏற்பாடு பல நாடுகளில் வழக்கம், தொடக்கத்திலேயே அப்படி எழுதிவைப்பது நல்லது.

நோட்டீஸ் அனுப்பும் முன்பே இவை உங்கள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: யூடியூப் சேனலின் உரிமையாளர் கணக்கு, இன்ஸ்டாகிராம் கடவுச்சொல், அதில் பதிந்த போன் எண், பாட்டு விநியோகத் தளத்தின் கணக்கு, அதோடு இணைந்த வங்கி விவரம், மாஸ்டர் ஒலிப்பதிவுக் கோப்புகள், போட்டோக்களின் அசல், நடக்கவிருக்கும் கச்சேரிகளின் பட்டியல், ஒவ்வொரு ஏற்பாட்டாளரின் போன் எண். பிரிந்த மறுநாள் ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும் புதிய தொடர்பு எண்ணை நீங்களே அனுப்புங்கள். பழைய மேனேஜரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.